வாடகையைக் கேட்டேன், கட்டடத்தின் வயதைக் கேட்கவில்லை

நான் டொராண்டோவில் வந்து இறங்கியது 2022 அக்டோபரில். நார்த் யார்க்கில் ஒரு காண்டோவை வாடகைக்குப் பிடித்து, இரண்டு வருடம் இருந்து, காலி செய்த பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். விவரம் தெரியாமல் கையை விட்டுப் போனது 4,855 டாலர். கூடவே போயிருக்க வேண்டிய இன்னொரு 1,300 டாலரை ஒன்பது மாதம் அலைந்து மீட்டேன். வீடு தேடும் முன் யாராவது அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அடுத்து வருகிறவர்களுக்காவது இருக்கட்டும் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காண்டோ என்றால் என்ன என்பதிலேயே எனக்கு முதலில் தெளிவில்லை. டொராண்டோவில் உயரமாக நிற்கும் குடியிருப்புக் கட்டடங்கள் இரண்டு வகை. சில கட்டடங்கள் முழுக்க ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியவை. காண்டோவில் அப்படியில்லை. ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆளுக்குச் சொந்தம். லிஃப்ட், நடைக்கூடம், ஜிம், கூரை போன்ற பொதுவானவற்றைக் காண்டோ கார்ப்பரேஷன் பார்த்துக்கொள்ளும். அதனால் வாடகைக்கு இருப்பவர் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். சாமான் ஏற்ற லிஃப்ட் வேண்டுமென்றாலோ, கதவு திறக்கும் ஃபாப் வேலை செய்யாவிட்டாலோ மேனேஜ்மென்ட் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் பெரும்பாலும் முதலீட்டுக்காக ஒன்றோ இரண்டோ வீடு வாங்கிப் போட்டவர். அடமான வட்டி ஏறினால் அந்தச் சுமை உங்கள் பக்கம் திரும்பும். அவர் மகள் படிக்க வந்தால் வீட்டைக் கேட்பார். வாடகைக்கென்றே கட்டிய கட்டடத்தில் இந்தக் கடைசிப் பயம் அநேகமாகக் கிடையாது. வீட்டுக்குள்ளேயே வாஷிங் மெஷின், நடந்து போகிற தூரத்தில் சப்வே என்று பார்த்ததால் நான் காண்டோவைத் தேடினேன். ஷெப்பர்ட்–யங், நார்த் யார்க் சென்டர், ஃபின்ச் என்று மூன்று ஸ்டேஷன்கள் யங் தெருவில் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் அலைந்தேன்.

தேடலில் முதல் வாரமே 500 டாலர் போயிற்று. விளம்பரத்தில் இருந்த வீடு டவுன்டவுனில், ஏரி தெரிகிற மாதிரி, சுற்றுவட்டார வாடகையைவிட முந்நூறு டாலர் குறைவு. விளம்பரம் போட்டவர் வீட்டைத் திறந்து காட்டவும் செய்தார். "நாளைக்கு இன்னும் நாலு பேர் பார்க்க வருகிறார்கள், ஐந்நூறு டாலர் அனுப்பினால் உங்களுக்கென்று வைத்திருப்பேன்" என்றார். இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து மின்னஞ்சல் வழியாகப் பணம் அனுப்பும் முறையில், அனுப்பினேன். அடுத்த நாள் போன் அணைந்திருந்தது. நாள் வாடகைக்கு எடுத்த வீட்டில் நின்றுகொண்டு தன் வீடு என்று காட்டுவது இங்கே பழகிப்போன மோசடி என்று பிறகுதான் தெரிந்தது. சாவி கையில் இருக்கிறது என்பதற்காக ஒருவரை உரிமையாளர் என்று நம்பக் கூடாது. பெறுபவர் ஆட்டோ-டெபாசிட் வைத்திருந்தால் அனுப்பிய நொடியே பணம் அவர் கணக்கில் ஏறிவிடும், நம்மால் ரத்து செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் நிலப் பதிவேட்டை ஆன்லேண்ட் என்ற தளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், வீடு யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏஜென்ட் என்று சொல்பவரின் பெயரை ரெகோ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம்.

ஏஜென்ட் வைத்தால் கமிஷன் கொடுக்க வேண்டுமே என்று பயந்துதான் நான் தனியாகத் தேடினேன். அது தப்புக் கணக்கு. இங்கே வாடகைக்கு வருபவரின் ஏஜென்டுக்கும் பெரும்பாலும் வீட்டுக்காரர் தரப்புதான் பணம் கொடுக்கிறது. வழக்கமாக அரை மாத வாடகை. ஏஜென்ட் வழியாகப் போனால் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் வீட்டுக்காரர் கைக்கு நேராகப் போகாது, ஏஜென்சியின் டிரஸ்ட் கணக்குக்குப் போகும். அந்த ஒரு பாதுகாப்புக்காகவே வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் முன் உங்களிடமிருந்து கமிஷன் உண்டா இல்லையா என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு கேட்பவை வேலைக் கடிதம், மூன்று சம்பளச் சீட்டு, கடன்களை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் கிரெடிட் அறிக்கை, பழைய வீட்டுக்காரரின் பரிந்துரை. புதிதாக வந்தவரிடம் கடைசி இரண்டும் இருக்காது. அந்தக் கூச்சத்தில்தான் நாம் எதற்கும் தலையாட்டுகிறோம். ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்டாரியோ சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட்டாகக் கேட்க முடியாது. கிரெடிட் இல்லையென்றால் வேலை நியமனக் கடிதத்தையும் வங்கி இருப்பையும் காட்டுங்கள், இங்கே வேலையில் இருக்கும் உறவினர் யாராவது உத்தரவாதக் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். சமூகக் காப்பீட்டு எண்ணை விண்ணப்பத்தில் கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் கொடுத்துவிட்டேன், இன்றுவரை அந்த உறுத்தல் போகவில்லை.

கடைசியில் ஷெப்பர்டுக்குப் பக்கத்தில் ஒரு படுக்கையறையும் ஒரு டென்னும் உள்ள வீடு அமைந்தது. 2,350 டாலர், ஹைட்ரோ தனி. ஹைட்ரோ என்றால் இந்த ஊரில் மின்சாரம், தண்ணீர் இல்லை. விளம்பரத்தில் 600–699 சதுர அடி என்று வீச்சாகத்தான் போடுவார்கள். சரியான அளவை, பால்கனியைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டு வாங்குங்கள். டென் என்பது அறை இல்லை, ஒரு சின்ன ஒதுக்கிடம். சிலவற்றுக்குக் கதவு இருக்கும், ஜன்னல் இருக்காது. பலவற்றுக்கு இரண்டுமே இருக்காது. அம்மா வந்தால் அங்கே படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒற்றைக் கட்டில் போட்டால் நடக்க வழியில்லை. டேப் கொண்டுபோய் அளந்திருக்க வேண்டும்.

வீடு பார்க்கப் போன அன்று நான் பார்த்ததெல்லாம் ஜன்னலும் தரையும்தான். பார்த்திருக்க வேண்டியவை வேறு. அடுப்புக்கு மேலே மைக்ரோவேவும் புகைபோக்கியும் சேர்ந்தாற்போல் ஒரு பெட்டி இருக்கும். சில வீடுகளில் அது காற்றை வெளியே தள்ளும், சிலவற்றில் கரி ஃபில்டர் வழியாக இழுத்து மறுபடியும் சமையலறைக்குள்ளேயே விடும். விசிறியைப் போட்டுவிட்டு அடியில் ஒரு டிஷ்யூ தாளை நீட்டுங்கள், ஒட்டிக்கொண்டு நின்றால் இழுவை இருக்கிறது. பிறகு கையைப் பெட்டியின் மேல்பக்கத் துளைகளுக்கு நேரே வையுங்கள். கையில் காற்று அடித்தால் அது உள்ளேயே சுற்றும் வகை. கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் புகை அலாரம் அலறும், வரவேற்பறைத் திரைச்சீலையில் வாசனை மூன்று நாள் நிற்கும். எனக்கு வாய்த்தது அந்த வகை. இரண்டு வருடமும் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துத்தான் தாளித்தேன், ஜனவரியில்கூட.

அடுத்தது துணி உலர்த்தி. அதன் கதவருகே இருக்கும் வலையை எல்லோரும் சுத்தம் செய்வோம். பல காண்டோக்களில் இரண்டாவதாக ஒரு பஞ்சுப் பொறி, மெஷினுக்கு மேலே சுவரிலோ கூரையிலோ சின்னப் பெட்டியாக இருக்கும். சிறிய மூடி, உள்ளே ஒரு வலைத்தட்டு. அதைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. நாலு துண்டு உலர மூன்று மணி நேரம் ஆகத் தொடங்கியபோது மெஷின் பழுது என்று நினைத்தேன். கட்டடத்துப் பராமரிப்பாளர் வந்து ஸ்டூலில் ஏறி மூடியைத் திறந்தார். தலையணை உறைக்குள் அடைத்த மாதிரி சாம்பல் நிறப் பஞ்சு, கையால் பிடுங்கினால் படிந்த வடிவத்திலேயே அப்படியே வந்தது. முன்பிருந்தவர் திறந்ததே இல்லை போல. இது நேரச் செலவு மட்டுமில்லை, தீ பிடிக்கக் காரணமாகிற விஷயம். வீடு பார்க்கும்போதே "இரண்டாவது லின்ட் டிராப் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். குடிபோன பிறகு மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

மூன்றாவது சூடாக்கும் முறை. நிறையக் கட்டடங்களில் சுவரோரமாக ஃபேன் காயில் என்ற பெட்டி இருக்கும். கட்டடத்தின் பொதுக் கொதிகலனிலிருந்து சுடுநீர் வரும், விசிறியை ஓட்டும் மின்சாரம் மட்டும் உங்கள் கணக்கு. அதுவே இரண்டு குழாய் வகையாக இருந்தால் ஒரு நேரத்தில் சூடோ குளிரோ ஒன்றுதான் வரும். பருவம் மாறும்போது மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து மாற்றுவார்கள். அக்டோபரில் திடீர்க் குளிர் வந்தால் மாற்றும்வரை போர்வைதான். புதிய கட்டடங்களில் வீட்டுக்குள்ளேயே ஹீட் பம்ப் இருக்கலாம். அதன் மின்செலவு முழுதும் உங்கள் தலையில். சில இடங்களில் அந்தக் கருவியே வேறொரு நிறுவனத்திடமிருந்து மாத வாடகைக்கு எடுத்ததாக இருக்கும், அந்தத் தொகையையும் உங்கள் பக்கம் தள்ளுவார்கள். அதனால் "ஹீட் சேர்த்தியா?" என்ற கேள்வி போதாது. "என்ன வகை, எந்த மீட்டர், போன ஜனவரி பில் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

இனி நான் மிகவும் வருந்துகிற இடம். கையெழுத்துப் போடும் அன்று வீட்டுக்காரர் நான்கு தொகை கேட்டார்: முதல் மாதம் 2,350, கடைசி மாதம் 2,350, டேமேஜ் டெபாசிட் 1,000, இரண்டு ஃபாபுக்குச் சாவி டெபாசிட் 300. எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. சென்னையில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவனுக்கு ஆயிரம் டாலர் நியாயமாகவே பட்டது. ஒன்டாரியோவில் டேமேஜ் டெபாசிட் வாங்குவது சட்டவிரோதம். வாங்கக்கூடிய டெபாசிட் ஒன்றே ஒன்றுதான்: கடைசி மாத வாடகை. அதையும் கடைசி மாதத்துக்கு மட்டுமே கழிக்கலாம், சுவரில் கீறல் என்று சொல்லிப் பிடிக்க முடியாது. அந்தத் தொகைக்கு வருடா வருடம் வட்டியும் தர வேண்டும், வட்டி விகிதம், அந்த வருடம் வாடகையை இதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று அரசு வைக்கும் சதவீத வரம்பேதான். சாவி டெபாசிட் வாங்கலாம், ஆனால் புதுச் சாவி செய்யும் உண்மைச் செலவுக்கு மேல் போகக் கூடாது, சாவியைத் திருப்பியதும் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒரு ஃபாப் மாற்ற 75 டாலர். என்னிடம் அதைப்போல் இரண்டு மடங்கு வாங்கியிருந்தார். பன்னிரண்டு பின்தேதியிட்ட காசோலைகளும் கேட்டார். விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

ஒப்பந்தம் என்று அவர் கொடுத்தது தானே தட்டச்சு செய்த இரண்டு பக்கம். 2018 ஏப்ரல் 30 முதல் போடும் பெரும்பாலான வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் ஒன்டாரியோ அரசின் ஸ்டாண்டர்ட் லீஸ் படிவத்தில்தான் இருக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போனால் முதலில் "அக்ரிமென்ட் டு லீஸ்" என்ற வேறொரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அது ஸ்டாண்டர்ட் லீஸ் ஆகாது. படிவம் தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. கூடவே ஷெட்யூல் என்ற பெயரில் ஒட்டும் கூடுதல் நிபந்தனைகளைப் படியுங்கள். பழுது வந்தால் முதல் 150 டாலர் வாடகைக்காரர் பொறுப்பு என்று எனக்கு ஒரு வரி இருந்தது. பராமரிப்பு வீட்டுக்காரர் கடமை, அந்த வரி சட்டத்தின் முன் செல்லாது, கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. செல்லப் பிராணி கூடாது என்ற வரியும் அப்படித்தான். ஆனால் காண்டோ கார்ப்பரேஷனின் பிரகடனத்திலேயே, அதாவது கட்டடத்தின் அடிப்படை ஆவணத்திலேயே, தடை இருந்தால் கதை வேறு. அந்தப் பிரகடனத்தையும் விதிகளையும் உங்களுக்குக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வீடு வாடகைக்குப் போன தகவலைப் பத்து நாளுக்குள் கார்ப்பரேஷனுக்குத் தெரிவிப்பதும் அவர் வேலைதான். அவர் அதைச் செய்யாவிட்டால் வாசலில் வருகிறவர்களையும் பார்சல்களையும் கவனிக்கும் கன்சியர்ஜின் மேஜையில் உங்கள் பெயர் இருக்காது. பார்சலும் வராது, ஃபாபும் பதிவாகாது.

குடிபோன நாளில் 260 டாலர் வீண். சாமான் ஏற்றும் லிஃப்டை முன்பதிவு செய்ய வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. டிசம்பர் 1 காலை வண்டியோடு போய் நின்றேன். கன்சியர்ஜ் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் பதிவில்லை, மதியம் ஒரு மணிக்கு மேல்தான் லிஃப்ட் காலி என்றார். வண்டிக்காரர்களுக்கு மணிக்கணக்கில் கூலி, வெளியே பனித்தூறல். மாத முதல் நாளும் கடைசி நாளும் எல்லோரும் மாறும் நாள், இரண்டு மூன்று வாரம் முன்பே இடம் போய்விடும். எங்கள் கட்டடத்தில் மூன்று மணி நேரம் ஒரு பதிவு, திருப்பித் தரும் டெபாசிட் ஒன்று, வாடகைக்காரர் காப்பீட்டுச் சான்று இவையெல்லாம் இருந்தால்தான் லிஃப்ட் சாவி கொடுப்பார்கள். லிஃப்ட் சுவர்களில் மெத்தைத் துணி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படம் எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அந்தக் காப்பீட்டைப் பலர் வீண் செலவு என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. உங்கள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று கீழே மூன்று வீட்டுக் கூரை நனைந்தால், கார்ப்பரேஷனின் காப்பீட்டில் டிடக்டிபிள், அதாவது காப்பீடு தரும் முன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, பல ஆயிரம் டாலர் இருக்கும். அதை அவர்கள் வீட்டுக்காரர் தலையில் போடலாம், தவறு உங்களுடையது என்றால் அவர் உங்களிடம் வருவார். மாதம் இருபது முப்பது டாலரில் பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு கிடைத்தது. மின்சாரக் கணக்கைக் குடிபோகும் முன்பே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காண்டோக்களில் இது பெரும்பாலும் நகர மின்வாரியம் இல்லை, ஒவ்வொரு வீட்டு மின்சாரத்தையும் தனியாக அளந்து பில் போடும் சப்-மீட்டர் நிறுவனம். கணக்குத் திறக்கும் கட்டணம், டெபாசிட் என்று முதல் பில் பெரிதாக இருக்கும்.

ஒன்பது மாதம் அமைதியாகப் போயிற்று. 2023 ஆகஸ்ட் கடைசியில் மின்னஞ்சலில் ஒரு தாள் வந்தது. தலைப்பு என்-2. டிசம்பர் 1 முதல் வாடகை 2,750 டாலர். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. அந்த வருடம் 2.5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் 58 டாலர் 75 காசுதான் கூட வேண்டும், இவர் 400 கேட்கிறார். பிறகுதான் படித்தேன். 2018 நவம்பர் 15 வரை ஒருவருமே குடியிருந்திராத கட்டடங்களுக்கு அந்த வரம்பு கிடையாது. அதற்குப் பின் முதன்முதலாக ஆள் குடிவந்த கட்டடமென்றால், வருடத்துக்கு ஒரு முறை, 90 நாள் எழுத்து அறிவிப்போடு, எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். வரம்புக்கு உட்பட்ட வீட்டுக்கு வரும் படிவம் என்-1, விலக்குள்ள வீட்டுக்கு என்-2. என் கட்டடத்தில் முதல் ஆள் குடிவந்தது 2020-ல். புத்தம் புதிதாக இருக்கிறதே என்று மகிழ்ந்து எடுத்த வீடு. அன்று இரவு தூங்கவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பக்கத்துத் தெருவில் பதினைந்து வருடப் பழைய கட்டடத்தில் அதே வாடகைக்கு எடுத்திருப்பேன்.

காண்டோ தேடுகிறவர்கள் வாடகைக்கு முன்பே கேட்க வேண்டியது இதைத்தான்: இந்தக் கட்டடத்தில் முதல் ஆள் எப்போது குடிவந்தார்? வீட்டின் வயதோ, கார்ப்பரேஷன் பதிவான தேதியோ இதற்குப் போதாது. காண்டோவில் பதிவுக்கு முன்பே மக்கள் குடிவந்துவிடுவார்கள், பில்டருக்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பார்கள். ஆகவே 2019-ல் பதிவான கட்டடத்தில் 2018 வசந்தத்திலேயே கீழ் மாடிகளில் ஆள் இருந்திருக்கலாம். கட்டடத்தின் எந்த ஒரு பகுதியிலாவது அந்தத் தேதிக்குள் யாராவது குடியிருந்திருந்தால், பின்னால் நிரம்பிய மேல் மாடிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. கன்சியர்ஜிடம் கேளுங்கள், மேனேஜ்மென்ட் அலுவலகத்தில் கேளுங்கள், லிஃப்டில் பார்க்கிற நீண்டநாள் குடியிருப்பாளரைக் கேளுங்கள். வீட்டுக்காரரிடமிருந்து பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். புதுக் கட்டடம்தான் வேண்டும் என்றால் எடுங்கள், ஆனால் இரண்டாம் வருட வாடகை தெரியாது என்ற நினைப்போடு எடுங்கள்.

எனக்கு அப்போது வெளியேறும் வழி இருந்தது. ஒரு வருட லீஸ் முடியும் நவம்பர் 30-க்கு 60 நாள் முன்பாக, காலி செய்கிறேன் என்று அறிவிக்கும் என்-9 படிவம் கொடுத்திருந்தால் போயிருக்கலாம். குளிர்காலத்தில் மறுபடியும் வீடு தேடும் தைரியம் வரவில்லை. பேரம் பேசிப் பார்த்தேன், இறங்கவில்லை. இருந்துவிட்டேன். அந்த ஒரு வருடத்தில் கூடுதலாகப் போனது 4,800, வரம்புக்குள் ஏறியிருந்தால் 705 போயிருக்கும். வித்தியாசம் 4,095 டாலர். கடைசி மாத டெபாசிட்டும் புது வாடகைக்கு ஈடாக உயர வேண்டும் என்று 400 கேட்டார், அது சட்டப்படி சரி. ஆனால் அவர் எனக்குத் தர வேண்டிய வட்டி 58.75 இருந்தது. கழித்துக்கொண்டு 341.25 மட்டும் கொடுத்தேன். வட்டியை நினைவுபடுத்தாமல் யாரும் தானாகக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் கவலையை ஸ்கார்பரோவில் முப்பது வருடமாக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் டெபாசிட் பேச்சு வந்தது. "தம்பி, டமேஜ் டிப்பொசிட் எண்டு இஞ்ச சட்டத்திலயே ஒண்டும் இல்லை. ஆர் உங்களிட்ட வாங்கினது? ஒரு வருசம் போக முதல் போர்டுக்கு எழுதுங்கோ" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வருடம் மிக முக்கியம். தப்பாக வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்க, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டில் டி-1 என்ற விண்ணப்பம் போட வேண்டும், அதற்குக் கெடு ஓராண்டு. எனக்கு மூன்று மாதம்கூட மிச்சமில்லை. செப்டம்பரில் ஆன்லைனில் போட்டேன், கட்டணம் ஐம்பது டாலர் அளவில். வாடகையோடு சேர்த்து அனுப்பிய பணப் பரிமாற்றத்தில் குறிப்பு வரியில் "டேமேஜ் டெபாசிட்" என்று எழுதியிருந்தேன், அது என்னைக் காப்பாற்றியது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எதை வைத்து நிரூபிப்பேன்? எதற்குப் பணம் அனுப்பினாலும் எதற்கென்று ஒரு வரி எழுதுங்கள். ரசீது கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகத் தர வேண்டும். ஒன்டாரியோ அரசின் உதவித்தொகையான டிரில்லியம் பெனிஃபிட் கேட்கும்போதும் கட்டிய வாடகைக்கு ஆதாரம் கேட்கலாம் என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். வழக்கு ஜூம் வழியாக விசாரணைக்கு வர 2024 ஜூன் ஆயிற்று. அன்று காலை சமரசப் பேச்சில் 1,300 டாலரையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். வழக்குப் போட்டதற்காக என்னை வெளியேற்றுவாரோ என்று அந்த ஒன்பது மாதமும் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு இருந்தேன். போர்டில் உரிமை கேட்டதற்குப் பழிவாங்கும் வெளியேற்றத்தைப் போர்டே மறுக்க முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்காரர் தன் சொந்தக் குடியிருப்புக்கென்று காலி செய்யச் சொல்லும் என்-12 படிவம் கொடுத்தாலும், லீஸ் காலம் முடியும் முன் அது செல்லுபடியாகாது. தாள் வந்த மறுநாளே பெட்டி கட்ட வேண்டியதில்லை, போர்டு உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. 2025 நவம்பரில் நிறைவேறிய சட்டம் இந்தப் பகுதியில் சில விதிகளை மாற்றுகிறது, அப்படி ஒரு தாள் வந்தால் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பரில் மறுபடியும் தேடத் தொடங்கினேன். இந்த முறை ஸ்கார்பரோ சென்டர் பக்கமும் பார்த்தேன். சில விளம்பரங்களில் இன்னும் ரயில் ஐந்து நிமிட நடை என்று இருந்தது. அங்கே ஓடிய லைன் 3, 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு நின்றுவிட்டது, இப்போது கென்னடி ஸ்டேஷனுக்குப் பஸ்தான். விளம்பரத்தை நம்பாமல் காலை எட்டு மணிக்கு ஒருமுறை போய் வந்து பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்று வைத்தேன். புதிய காண்டோக்கள் நிறையக் கட்டி முடிந்திருந்ததால் வாடகை இறங்கியிருந்தது. ஒரு மாதம் இலவசம் என்று பலர் சொன்னார்கள். இலவச மாதத்தைவிட மாத வாடகையைக் குறைத்துக் கேளுங்கள். அடுத்த வருட உயர்வு, தாளில் எழுதிய முழு வாடகையின் மேல்தான் கணக்காகும். பழைய வீட்டுக்கு என்-9 கொடுக்கும்போது வாட்ஸ்அப் செய்தியோடு நிறுத்தாமல் படிவத்தையே நிரப்பி, கொடுத்த தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொண்டேன். முடியும் தேதி வாடகை மாதத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும், நடுமாதத் தேதி எழுதினால் அறிவிப்பு செல்லாது. சாவி கொடுத்த அன்று அலமாரி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, இரண்டாவது பஞ்சுப் பொறி என்று ஒவ்வொன்றையும் திறந்து காட்டி எட்டு நிமிட வீடியோ எடுத்தேன்.

இப்போது இருக்கும் வீடும் யங் தெருப் பக்கம்தான். பார்க்கப் போனபோது சமையலறையில் டிஷ்யூ தாளை நீட்டிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது. மேலே கையில் காற்று அடிக்கவில்லை. கீழே இறங்கி வந்து கன்சியர்ஜிடம் முதல் ஆள் எப்போது குடிவந்தார் என்று கேட்டேன். "2009. அந்த வருடத்திலிருந்து நான் இங்கே இருக்கிறேன்" என்றார். 2,300 டாலருக்குக் கையெழுத்துப் போட்டேன். 2025-ல் வந்த தாளின் தலைப்பில் என்-1 என்று இருந்தது. டிசம்பர் 1 முதல் வாடகை 2,357 டாலர் 50 காசு.